ஒன்பது மணி அளவு

போர் வந்தாலும் வந்தது, பயிற்சி விமானத் தளத்தில் ஒருவருக்கும் கண் மூட நேரமில்லை. வானிலைக் குமாஸ்தாவைக் கேட்கவே வேண்டாம். மூன்று ஆள் வேலைக்கு ஒரே ஆள். மணிக்கொரு தரம் மொட்டைமாடி ஏறி, பலூனைப் பறக்கவிட்டு, அது மேகத்தில் மறைய எத்தனை விநாடி ஆகிறதென்று பார்த்து, மேகத்தின் உயரத்தைத் தாளில் எழுத வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் எவன் ஏறுவான்? முந்தின மணி அளவையே அடுத்த கட்டத்திலும் எழுதிவிடுவார்கள். எல்லாரும் செய்கிற வேலைதான்.

செவ்வாய்க்கிழமை இவரும் அதைத்தான் செய்தார். எட்டு மணிக்கு இரண்டாயிரம் அடி, ஒன்பதுக்கும் இரண்டாயிரம். பாழாய்ப்போன மேகம் அதற்குள் ஐந்நூறுக்கு இறங்கியிருந்தது. ஒன்பதேகாலுக்குக் கிளம்பிய விமானம் மேகத்துக்குள் மறைந்திருந்த வடக்குக் குன்றில் மோதியது. பயிற்சியாளரும் போனார், பத்தொன்பது வயது மாணவனும் போனான்.

விசாரணை அரை மணி நேரம்கூட நடக்கவில்லை. தாளைப் பார்த்தார்கள். மேகம் அவ்வளவு உயரத்தில் இருந்தும் குன்றில் இடித்தால் பயிற்சியாளரின் அசட்டைதான் என்று எழுதி முடித்தார்கள். மாடி ஏறாததைக் குமாஸ்தா மறைத்துவிட்டார். போனவர் போய்விட்டார், நமக்கு மூன்று பெண்கள் இருக்கிறார்கள் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னார். மனசு கேட்டால்தானே!

வெள்ளிக்கிழமை பயிற்சியாளரின் அப்பா சாமான்களை வாங்க வந்தார். ஆள் பற்றாக்குறையில் அதை ஒப்படைக்கும் வேலையும் இவர் தலையிலேயே விழுந்தது. இரண்டு சட்டை, சவரப் பெட்டி, ஒரு ஜோடி செருப்பு. பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கைகூப்பினார்.

"நீங்க ஒழுங்கா எழுதிக் குடுத்தும் என் மகன் இப்படிப் பண்ணிட்டானே தம்பி. அந்தப் பையன் வீட்டு விலாசம் குடுங்க. பெத்தவங்க கால்ல விழுந்துட்டுப் போறேன்."

குமாஸ்தாவுக்கு எத்தனை நாள் தூக்கம் கெட்டாலும் இந்தப் பாவத்தைச் சுமக்க முடியாது என்று அந்த நிமிஷம் தெரிந்துபோயிற்று.

"நீங்க போகாதீங்கய்யா. உங்க மகன் மேல தப்பே இல்ல. அன்னைக்கு நான் மாடி ஏறல. பழைய அளவைப் பாத்து எழுதிட்டேன். அதை நம்பித்தான் அவர் போனாரு."

பெரியவர் அடிப்பார் என்றுகூடக் குமாஸ்தா எதிர்பார்த்தார், அடித்தால் தேவலை என்றிருந்தது. அவரோ கையிலிருந்த செருப்பை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதை எழுதிக் குடு. அவன் அம்மாகிட்ட காட்டணும். அவ மூணு நாளா பச்சைத் தண்ணி குடிக்கல."

குமாஸ்தா தாளை எடுத்து எழுதினார், அடியில் கையெழுத்தும் போட்டார்.