இருபது கடாக்களும் ஒரு வாளியும்

1

இந்தக் கதை என் வேலியில் ஒரு பலகை உடைந்ததால் பிறந்தது. வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. உலான்கொம் ஊரின் இந்த ஓரத்தில் எல்லா வீட்டுக்கும் ஆளுயரப் பலகை வேலி உண்டு. பக்கத்து வீட்டில் நடப்பது தெரியாமல் நிம்மதியாக வாழத்தான் அதை அடிக்கிறோம். மார்ச் மாதக் காற்று என் மேற்கு வேலியில் ஒரு பலகையைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அந்தப் பக்கத்து யன்ஜ்மாவும் அவள் கணவன் லுந்தெனும் பேசுவதெல்லாம் நேராக என் மேசைக்கு வந்துவிடுகிறது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். மேசையை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டேன், அவ்வளவுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அந்த வசந்தத்தில் ஒரு பெண் காட்டைத் தேடிப் புறப்பட்ட—’

(அடித்துவிட்டேன். அவள் எங்கும் புறப்படவில்லை, அடுப்பங்கரையில் உட்கார்ந்து கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.)

பிறகு இப்படி: ‘சாத்சர்கன் என்பது மைனஸ் நாற்பது குளிரிலும் சாகாத முட்செடி. வெளியூர்களில் சீபக்தார்ன் என்பார்கள். அதன் ஆரஞ்சு நிறப் பழம்—’

(இதுவும் வேண்டாம், பள்ளிப் பாடம் மாதிரி இருக்கிறது. ஆனால் தகவல் உங்களுக்குத் தேவைப்படும் என்பதால் விட்டுவைக்கிறேன்.)

2

யன்ஜ்மாவுக்கு ஒரு காடு வேண்டும், அதுவும் வேலிக்குள். கைப்பேசியில் ஏதோ பாடம் பார்த்திருக்கிறாள். உயரத்தில் எல்ம் மரம், அதன் காலடியில் சாத்சர்கன், அதற்கும் கீழே புளிப்புப் பழச் செடிகள், தரையில் காட்டு வெங்காயம். எல்லாமே தின்னக்கூடியவை. ஒன்றுக்கு ஒன்று காற்றைத் தடுத்து நிழல் கொடுத்து வளருமாம். அதற்கு உணவுக்காடு என்று பெயராம்.

“இலை தழை தின்ன நான் என்ன ஆடா?” என்றான் லுந்தென்.

“ஆடு இருந்தா நான் ஏன்யா செடி தேடப் போறேன்?” என்றாள் அவள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு பனி உருகி மறுபடி உறைந்து புல்லைக் கண்ணாடி போல மூடியபோது அவர்கள் மந்தை முழுவதும் தீனியில்லாமல் செத்துப்போனது. கூடாரத்தைப் பிரித்து ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தார்கள். அதிலிருந்து லுந்தென் மாலையில் வாசல் கதவைத் திறந்துபோட்டுக் கிழக்கே வெட்டவெளியைப் பார்த்தபடி நிற்பான். அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்து ஒன்றுமே இல்லை.

யன்ஜ்மா ஒருநாள் உடைந்த பலகை வழியாகத் தலையை நீட்டினாள்.

“அக்கா, தெஸ் ஆத்துப் பக்கம் ஆடு மேய்க்கிற அவன் அண்ணன் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. போனா வரமாட்டான்க்கா. என் முட்டிய வெச்சுக்கிட்டு நான் இனிமே கூடாரம் கட்டி எறக்க முடியுமா? இங்க அவன் கைபட்டு ஏதாவது ஒண்ணு வளரணும். வால் இல்லாட்டியும் பரவாயில்ல.”

கதையில் பணயம் என்ன என்று யாராவது கேட்டால் இந்தப் பேச்சைக் காட்டுங்கள். நான் எழுதியிருந்தால் இவ்வளவு சுருக்கமாக வந்திருக்காது.

3

செடிதான் கிடைக்கவில்லை. கிடைத்தது கட்டுப்படியாகவில்லை. நல்ல ரகம், பழம் உறுதி என்றால் ஒரு செடிக்கு விற்பவர்கள் கேட்ட துக்ரிக் பணத்தை லுந்தென் உடனே ஆட்டுக்கணக்கில் மாற்றினான்.

“நாலு குச்சிக்கு ஒரு செம்மறியா? குச்சியில கொழுப்பு இருக்கா?”

கடைசியில் ஊர் எல்லையில் நாற்றுப் பண்ணை வைத்திருந்த ஒரு பெண்மணி, விதைபோட்டு முளைத்த கன்றுகள் ஒரு குவியல் கிடக்கின்றன, மலிவுதான், வந்து பொறுக்கிக்கொள்ளலாம் என்றாள். யன்ஜ்மாவுக்கு அன்று முட்டிவலி. போனது லுந்தென்.

(இந்த இடத்தில் அவனை முணுமுணுத்துக்கொண்டே போனதாக எழுதியிருந்தேன். அது பொய். ‘பொறுக்கிக்கொள்ளலாம்’ என்ற சொல்லைக் கேட்டதுமே ஆள் நிமிர்ந்துவிட்டான். மந்தையில் நல்லதைப் பொறுக்குவதில் அவனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை என்று அவனே பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.)

இருபது கன்றுகளோடு வந்து இறங்கினான். இரண்டு வருடத்தில் அவன் முகத்தில் அப்படியொரு களையை நான் பார்த்ததில்லை.

“பாரு, ஒண்ணாவது நோஞ்சானா இருக்கா? மொட்டு ஒவ்வொண்ணும் எப்படிப் பருத்திருக்கு பாரு! அந்தம்மாகூட ‘இது போதுமா, கலந்து எடுத்துக்கல?’ன்னு கேட்டுச்சு. எங்கிட்டயா, நோஞ்சானத் தள்ளிவிடப் பாக்குது!”

யன்ஜ்மா ஒரு குச்சியை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். கைப்பேசியைத் திறந்து பாடத்தைப் பார்த்தாள். பிறகு இருபதையும் ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

“லுந்தென்.”

“என்ன?”

“மொட்டு பருத்திருந்தா அது ஆண் செடிய்யா. பொட்டைக்குச் சின்னதா, ஒட்டினாப்புல இருக்கும்.”

“செடியில ஏது ஆணு பொட்டை?”

“இதுல இருக்கு. காத்துல தூள் பறந்து போய்ப் பொட்டை மேல படணும். அப்பதான் பழம்.” அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. “நீ இருபது கடா ஓட்டிட்டு வந்திருக்கய்யா!”

அவள் தரையில் உட்கார்ந்தே சிரித்தாள். ஜன்னலோரம் நானும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

லுந்தென் சிரிக்கவில்லை. ஒரு கடாவுக்கு முப்பது பெட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடும் மனிதன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டான். ‘வெள்ளாட்டு மயிர் சீவ ஆள் வேணும்னியே’ என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

யன்ஜ்மாவின் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. அவள் அழு—

4

“நான் அழல,” என்றாள் யன்ஜ்மா.

இந்தப் பக்கங்களை அவளிடம் படிக்கக் கொடுத்தது என் முட்டாள்தனம்.

“கண்ணு கலங்கிச்சே?”

“மணல்க்கா. உங்க பலகை போனதிலேருந்து ரெண்டு வீட்டு மணலும் எங்க மேலதான்.” தாளைத் தட்டினாள். “அவனையும் இப்படிக் கோமாளியா எழுதாதீங்க. மந்தையில கொழுத்ததப் பொறுக்கறவன்தான் கெட்டிக்காரன். செடியில அது தப்பாப் போச்சு. அதுக்கு அவன் என்ன பண்ணுவான்?”

(சரி. வாசகரே, மேலே அவனைப் பார்த்து நீங்கள் சிரித்திருந்தால் பாதிச் சிரிப்பைத் திருப்பித் தந்துவிடுங்கள்.)

5

ஒரு கதைசொல்லி தன் கதைக்குள் காலை வைக்கக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்பவர்களுக்குப் பக்கத்து வீடு இல்லை போலிருக்கிறது. இருபது கன்றும் வந்த மறுநாள் காலை நான் உடைந்த பலகை வழியாகக் கூப்பிட்டேன்.

“லுந்தென், இங்க வந்து என் செடியக் கொஞ்சம் பாரு.”

என் முற்றத்தில் மூன்று சாத்சர்கன் இருக்கின்றன. யாரோ கொடுத்ததை நட்டது. தலைக்குமேல் வளர்ந்து இத்தனை வருடத்தில் ஒரு பழம்கூடத் தந்ததில்லை. வேரை மட்டும் முற்றம் முழுக்க ஓடவிட்டு, கழிவறைக்குப் போகும் வழியிலெல்லாம் குட்டி போட்டு என் காலைக் கிழித்துக்கொண்டிருந்தன. வருடாவருடம் வெட்டி அடுப்பில் போடுவேன்.

அவன் வேண்டாவெறுப்பாக வந்தான். கிளையைப் பிடித்து மொட்டைக் கட்டைவிரலால் நெருடினான். அடுத்த செடிக்குப் போனான். மூன்றாவதில் திரும்பி என்னைப் பார்த்தபோது அவன் மீசை ஆடியது.

“அக்கா, இது மூணும் பொட்டை.”

“அப்படியா?”

“கடா இல்லாம எப்படிக்கா ஈனும்? இத்தன வருஷமா இதுங்களப் போய் மலடுன்னு திட்டிட்டிருந்தீங்களே, எங்க வீடு வரைக்கும் கேக்கும்!”

இப்போது அவன் முறை. நன்றாகவே சிரித்தான். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

“இந்தக் குட்டியெல்லாம்?” என்று தரையில் முளைத்திருந்தவற்றைக் காட்டினான்.

“தாய் வேர்லேருந்து வந்ததுதானே. தாய் எப்படியோ அப்படித்தான் இதும்.”

அவன் கொஞ்சநேரம் குந்தியிருந்தான். மண்ணைக் குத்தினால் அதற்கு நோகும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவன். ஊருக்கு வந்து இரண்டு வருடத்தில் மண்வெட்டியைத் தொட்டவனில்லை. குழி தோண்டுவதெல்லாம் யன்ஜ்மாதான்.

“மண்வெட்டி இருக்காக்கா?” என்றான்.

6

(இங்கே ஒரு நீண்ட பத்தி இருந்தது. மண், வேர், மனித மனம் என்றெல்லாம் போயிற்று. நீக்கிவிட்டேன். நீங்கள் பிழைத்தீர்கள்.)

என் வாளி நிறையப் பெட்டைக் கன்றுகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுபோனான். ஒரு காசு செலவில்லை. ஊரெல்லாம் தேடிய மலிவுச் செடி உடைந்த பலகைக்கு இந்தப் பக்கம் என் காலைக் கிழித்துக்கொண்டிருந்தது. இருபது கடாவையும் காற்று வரும் மேற்கு ஓரத்தில் வரிசையாக நிறுத்தினான். வழக்கமாக இங்கே பல குடும்பத்துக் கடாக்களையும் பெட்டைகளிடமிருந்து பிரித்து ஒருவனே பொறுப்பேற்று மேய்ப்பான், ஈனும் பருவம் தவறாமல் இருக்க. அந்த மிடுக்கு அவன் நடையில் வந்துவிட்டது. ‘தெருவுல எவன் வீட்டுப் பொட்டை காய்க்கலன்னாலும் எங்கிட்ட வாங்க’ என்று வேலிமேல் ஏறி அறிவித்தான். யன்ஜ்மா அவனை இறக்கினாள்.

மே மாதம் அண்ணன் வண்டி அனுப்பினார். வெள்ளாட்டு மயிர் சீவிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னான் லுந்தென். ஏறும் முன் என்னிடம் வந்தான்.

“அக்கா, உங்க வாளி எங்க வீட்லதான் இருக்கு. வெறுமனே திருப்பித் தரக் கூடாது. பழம் நிரப்பித் தர்றேன்.”

“அது காய்க்க மூணு நாலு வருஷம் ஆகுமேடா!”

“அதான்க்கா,” என்றான். யன்ஜ்மா காதில் விழும்படியே சொன்னான்.

7

இப்போது ஜூன் நடுவில் இருக்கிறோம். மயிர் சீவும் வேலை முடிந்தாயிற்று, லுந்தென் இன்னும் வரவில்லை. அண்ணன் குடும்பம் கோடை மேய்ச்சலுக்கு மலைமேல் ஏறிவிட்டது. அங்கே போன் எடுக்காது. கன்றுகள் துளிர்த்திருக்கின்றன. யன்ஜ்மா தினமும் தண்ணீர் சுமக்கிறாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு.

முடிவு (அ): இன்று மாலை ஒரு வண்டி வந்து நிற்கிறது, லுந்தென் குதித்து இறங்கி முதலில் கடாக்களைப் போய்ப் பார்க்கிறான். எனக்கு இது பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

முடிவு (ஆ): அவன் வருவதில்லை. செடிகள் காய்க்கின்றன. அவள் தனியாகக் கிளையை உலு—

இதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் பலகைச் சந்தில் யன்ஜ்மாவின் குரல் கேட்டது.

“அக்கா, உங்க வாளி! கொஞ்சம் தயிர்க்கட்டி காயவெச்சேன், அதப் போட்டுக் கொண்டாந்திருக்கேன். எத்தன நாள்தான் உங்க பொருள நான் வெச்சிருக்கறது?”

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அந்த வாளியைத் தயிர்க்கட்டியோடு வாங்கிவிட்டால் கதை முடிந்துவிடும். அதை முடித்துவைத்தவளாக நான் இருக்க மாட்டேன்.

“எங்கிட்ட வேற வாளி இருக்கு யன்ஜ்மா!” என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். “அவசரமில்ல! அவன் தர்றேன்னு சொன்னத அவன்கிட்டயே வாங்கிக்கறேன்!”

அந்தப் பக்கம் வாளியின் கைப்பிடி கிணுங்கிக்கொண்டு திரும்பிப் போனது.

வாசகரே, முடிவை என்னிடம் கேட்காதீர்கள். நான் தண்ணீர் எடுக்கப் போகிறேன். என்னிடம் வேறு வாளி கிடையாது. அவன் அதைக் கொண்டுபோன நாளிலிருந்து டீக்கெட்டிலில்தான் தண்ணீர் கொண்டுவருகிறேன். இன்னும் மூன்று நான்கு வருடமும் அப்படியே கொண்டுவருவேன்.