விழப்போற பல்லு

ஈரத்துணியைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு மகள் கடைக்குள் வந்து நின்றபோது, டெய்லர் அக்கா பள்ளிச் சீருடை ஒன்றுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். காலையில் லேசாக இருந்த வீக்கம் இப்போது கண்வரை ஏறியிருந்தது. "தண்ணிகூட குடிக்க முடியலம்மா" என்று பிள்ளை அழுதது. ஏழு வயதில் தாங்குகிற வலியா அது? மெஷினை அப்படியே போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பல் மருத்துவமனைக்கு ஓடினாள்.

தையலில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாய்தான் சும்மா இருக்காது. பிள்ளைகளுக்கு அளவு கொடுக்க வரும் தாய்மார்களிடம் காய்ச்சல் முதல் கணக்கு வாத்தியார் வரை எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லிவிடுவாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களும் தலையாட்டுவார்கள்.

போன வருடம் பள்ளிக்குப் பல் மருத்துவர் வருவதாகவும், சொத்தை வராமலிருக்கப் பிள்ளைகளின் பல்லில் ஃபுளோரைடு மருந்து தடவப்போவதாகவும் சொல்லியனுப்பினார்கள். அக்கா விடுவாளா? "விழப்போற பல்லுக்கு மருந்து ஒரு கேடா? அது விஷம்னு வேற பேசிக்கிறாங்க. நான் என் புள்ளைய அன்னிக்கு அனுப்பப்போறதில்ல" என்று கடையிலேயே அறிவித்தாள். அனுப்பவும் இல்லை.

மருத்துவமனையில் பிள்ளையின் வாயைப் பார்த்து முடித்த டாக்டரம்மா, விளக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்தார். "கடவாய்ப் பல்லும்மா. சீழ் வச்சிருச்சு. எடுத்துத்தான் ஆகணும்."

"பால் பல்லுதானே டாக்டர்? எப்படியும் விழப்போறதுதானே?"

"தானா விழ இன்னும் மூணு நாலு வருஷம் ஆகும். அதுவரைக்கும் புதுப் பல்லுக்கு இடம் பிடிச்சு வைக்கிறதே இதுதான். இப்பவே போச்சுன்னா, பக்கத்துப் பல்லு சாய்ஞ்சு வழியை அடைச்சிரும்."

அக்கா மகளின் தலையைத் தடவினாள். "பள்ளிக்கூடத்துல தடவுற அந்த ஃபுளோரைடு மருந்து விஷம்னாங்களே?"

"அளவு மீறினா கெடுதல்தான். நாங்க தடவுறது துளியூண்டு. அது பல்லோட மேல்பக்கத்தைக் கெட்டியாக்கும். சொத்தையே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா வர்றது நல்லாவே குறையும்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஓரம் அடிக்க வேண்டாம் என்று சொல்லும் வாடிக்கையாளரிடம், 'நாலு தடவை துவைச்சா நூல் நூலா பிரிஞ்சு வரும், அப்புறம் என்னைச் சொல்லாதீங்க' என்று சண்டை பிடிப்பவள் அவள். துணி விஷயத்தில் தெரிந்தது, பெற்ற பிள்ளை விஷயத்தில் தெரியாமல் போயிற்றே.

பல்லை எடுக்கும்போது மகள் அவள் விரலை விடவே இல்லை.

வெளியே வந்தால், கன்னத்தைப் பிடித்தபடி இன்னொரு பையன். பக்கத்தில் அவன் அம்மா, பேக்கரியில் வேலை செய்பவள்.

"உங்க பொண்ணுக்குமா அக்கா? இவன் ரெண்டு நாளா சாப்பிடல. பள்ளிக்கூடத்துல மருந்து தடவுன அன்னிக்கு நீங்க அனுப்பலன்னு சொன்னீங்களா, நானும் இவனை வீட்டுலயே நிறுத்திக்கிட்டேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. இன்னும் எத்தனை வீட்டில் இப்படித் தலையாட்டினார்களோ!

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசினது நானு. வலிக்கிறது புள்ளைங்களுக்கு" என்றாள். "இனிமே கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன். பால் பல்லுதானேன்னு அலட்சியமா இருக்காதீங்க, கெடுறதுக்கு முன்னாடியே கூட்டிட்டுப் போங்க. துணியைப் பத்தின்னா என்னைக் கேளுங்க. பல்லைப் பத்தின்னா பல் டாக்டரைக் கேளுங்க."