உயிரோடிருந்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி

வியாழக்கிழமை மத்தியானம் தங்கேஸ்வரி இத்தாலியச் சீமாட்டி சினியோரா வீட்டுத் துப்புரவு வேலையை முடித்து வந்து செருப்பைக் கழற்றக்கூட இல்லை, மேல்மாடி அமலினி கைபேசியோடு இறங்கி வந்துவிட்டாள். கெட்ட செய்தி கொண்டுவரும் நாட்களில் மட்டும் அமலினிக்கு முழங்கால் நோவதில்லை.

"அக்கா, அண்ணை எங்கை?"

"உள்ளுக்கை படுத்திருக்கிறார். ஏன்?"

"உயிரோடைதானே?"

கைபேசியில் ஒரு கண்ணீர் அஞ்சலி. ரோசாப்பூ வளையத்துக்குள் அவள் புருசன் இராஜசிங்கம் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மலர்வு என்ற இடத்தில் அவர் பிறந்த திகதி. உதிர்வு என்ற இடத்தில் வருகிற ஞாயிற்றுக்கிழமை.

"ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை அக்கா, வடிவாத்தான் செய்திருக்கினம்" என்றாள் அமலினி.

இராஜசிங்கம் பலெர்மோவின் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்து உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறவர். ஆனால் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குக் கைபேசியை முன்னால் நிறுத்தி, யூடியூப் நேரலையில் அமெரிக்க அரசியலை ஆராயத் தொடங்கினால் ஆள் வேறு. வரியைக் குறை, குடும்பத்துக்குள் அரசாங்கம் மூக்கை நுழைக்காதே, எல்லையைக் காவல் பண்ணு என்று குடியரசுக் கட்சிக்காகத் தொண்டை வறளப் பேசுவார். தான் எந்த எல்லையை எந்த லொறிக்குள் கிடந்து கடந்தார் என்பதை மட்டும் சொல்லமாட்டார். பலெர்மோவில் பஸ் வராததைப் பற்றி வாய்திறக்காத சனம், ஒரு நாட்டிலும் வாக்கில்லாத சனம், அமெரிக்க செனட்டுக்காக ஒருவரோடொருவர் கதைபேச்சை விட்டிருந்தது. கடைசியாக நடந்த பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டமுதலே இரண்டு கட்சிக்கும் இரண்டு மேசை போட வேண்டியதாயிற்று.

போன ஞாயிறுதான் வினை வந்தது.

"நான் பழமைவாதி" என்று அன்று தொடங்கினார் இராஜசிங்கம். "பழமைவாதி முதலிலை காப்பாற்றவேண்டியது சட்டத்தை. எங்கடை பக்கம் தோத்தால் தோல்வியை ஒத்துக்கொண்டு நாலு வருசம் பொறுக்கத்தான் வேணும். அங்காலை நிக்கிறவன் பிழையான ஆள், துரோகி இல்லை. அந்தச் சொல்லை நாங்கள் ஊரிலை பாவிச்சுப் பார்த்தனாங்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்."

அரை மணித்தியாலத்தில், நேரலைக்குக் கீழே வந்த கருத்துகளில் அவரே துரோகியாகிவிட்டார்.

அமலினி போனபிறகு தங்கேஸ்வரி அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள். நீலச் சேட்டு, பின்னால் எலுமிச்சை மரம். பக்கத்து ஊரான பகேரியாவில் அவளே எடுத்த படம். அதை அவள் ஒரேயொருவருக்குத்தான் அனுப்பியிருந்தாள்.

எழும்பி வந்த இராஜசிங்கம் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "வயசு குறைவாத் தெரியுது."

"குவெஸ்தூராவுக்குப் போய்ப் பொலிசிட்டைச் சொல்லுவம்."

"போய் என்னெண்டு சொல்லுறது? அமெரிக்க எலெக்சனாலை பலெர்மோவிலை என்னைக் கொல்லப்போகினமெண்டோ? ஞாயிற்றுக்கிழமை நான் பேசுவன்."

மறுநாள் அவள் பஸ் ஏறிப் நகரத்தின் பிரான்காச்சோ பகுதிக்குப் போனாள். அங்கே யன்னல் கம்பி ஒட்டும் பட்டறையில் அவளுடைய தம்பி நிதர்சன் வேலைசெய்கிறான். அத்தானின் முதல் ரசிகன் அவன்தான். அக்காவைக் கண்டதும் முகமூடியைக் கழற்றினான். கண் மட்டும் நிலத்தைவிட்டு எழும்பவில்லை.

"நீயோடா?"

"ஒரு வருசமா அத்தான் சொன்னதைச் சொல்லித்தானே அக்கா ஊரெல்லாம் சண்டை பிடிச்சன். திடீரெண்டு எங்களை நடுத்தெருவிலை விட்டிட்டார். வெக்கப்படுத்தத்தான் செய்தனான்."

"அதுக்குச் சாகிற நாள் குறிப்பியோ?"

"திகதி நான் போடேல்லை."

கைபேசியைக் காட்டினான். அவன் செய்ததில் உதிர்வு என்ற இடம் வெறுமையாக இருந்தது. நானூறு பேர் இருக்கும் வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறான். ஒரு மணித்தியாலத்தில் அது திகதியோடு திரும்பி வந்திருக்கிறது.

"ஆரெண்டு கேட்டனியோ?"

"கேட்டன். விடிஞ்சாப் பொழுதுபட்டாக் கத்துற குறூப் அக்கா. எல்லாரும் வாசிச்சிருக்கினம். ஒருத்தரும் ஒரு சொல் எழுதேல்லை." அவன் விரலால் திரையைக் கீழே தள்ளினான். "இண்டைக்குக் காலமை புதுசா ஒண்டு வந்திருக்கு."

புதியதில் விலாசமும் இருந்தது. தெரு, மூன்றாம் மாடி, இடதுபக்கக் கதவு. பூதவுடல் பார்வைக்கு: பிற்பகல் நாலு மணி.

"அழியடா."

"என்ரையை அழிச்சிட்டன். மற்றது என்ரை கையிலை இல்லை அக்கா."

அன்று பின்னேரமே அவள் புருசனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இராஜசிங்கம், "அவனுக்குச் சண்டை பழக்கினதும் நான்தானே" என்றார்.

"இந்த ஒரு கிழமை விடுங்கோவன்."

"விட்டால் இதுதான் வழியெண்டு பழகியிடுவினம்."

ஞாயிறு மூன்றரைக்கு நிதர்சன் வந்து, சாத்திய கதவில் முதுகை வைத்து நின்றான். அத்தான் அவனைப் பார்த்துத் தலையாட்டினார், அவ்வளவுதான். நாலு மணிக்குக் கைபேசியை நிமிர்த்தி, "வணக்கம் உறவுகளே" என்று தொடங்கினார்.

அப்போதுதான் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு சோடிக் கால்கள் இல்லை.

தங்கேஸ்வரி தம்பியை விலக்கிக் கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்தாள். வெள்ளை உடுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர். மாலையோடு கோயில் ஆட்கள், ஈரக் கைக்குட்டையோடு அமலினி. எல்லாருக்கும் பின்னால், சுவரோடு ஒட்டியபடி, அவள் ஒருநாளும் கண்டிராத இரண்டு ஆம்பிளைகள். அவர்கள் கையில் பூவில்லை. கைகளே தெரியவில்லை, சட்டைப் பைகளுக்குள் இருந்தன.

கதவு மணி அடித்தது.

"தங்கேஸக்கா, திறவுங்கோ" என்றாள் அமலினி. "சனம் வந்து நிக்குது. ஒருக்கால் முகத்தைப் பார்த்திட்டுப் போறம்."

"அவர் உயிரோடை இருக்கிறாரடி! கேக்கேல்லையோ?"

உள்ளே இராஜசிங்கம், தோற்றவனை வென்றவன் வாழவிடவேண்டும் என்று குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார். படிக்கட்டின் அடிவரை அது தெளிவாகக் கேட்டது. வெளியே நின்றவர்கள் தலையைச் சரித்து வடிவாகக் கேட்டார்கள்.

ஒருவரும் திரும்பிப் போகவில்லை.