ஏழாம் கிணற்று ஆபரேட்டரின் எடை

கடலுக்குள் இருந்த பழைய எண்ணெய் வயலைப் புதுப்பிக்கத் தொடங்கிய நான்காம் மாதம், ஏழாம் கிணற்று ஆபரேட்டரின் எடை முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ ஆனது. சட்டையில் ஒரு பொத்தானும் தெறிக்கவில்லை. இடுப்பு வார் அதே ஓட்டையில்தான் நின்றது. அவருடைய ஒல்லி உடம்புக்குச் சக ஊழியர்கள் வைத்திருந்த 'ஈர்க்குச்சி' என்ற பெயரையும் யாரும் மாற்றவில்லை. பழகிய சரக்கை எதற்கு மாற்றுவது.

அந்த வயலுக்கு முப்பத்திரண்டு வயது. நூறு குடம் இறைத்தால் தொண்ணூறு குடம் தண்ணீர் என்கிற நிலை. கிழட்டு மாட்டுக்குக் கொம்பு சீவிச் சந்தைக்கு ஓட்டுகிறவனைப் போல, நிறுவனம் கடல் நடுவே கிணறுகளைத் தாங்கி நின்ற இரும்பு மேடைக்கு வண்ணம் பூசி, குழாய்களை மாற்றி, வற்றிப்போன ஏழாம் கிணற்றின் வழியே கடல்நீரைப் பாறைக்குள் அழுத்தியது. அடியில் பதுங்கிய எண்ணெய் நெருக்கடி தாங்காமல் மற்றக் கிணறுகளில் ஏறிவரும் என்று நம்பினார்கள், வந்தது. அந்த வால்வைத் திறந்த கை ஈர்க்குச்சியுடையது. எடை அவருக்கு மட்டும் ஏன் ஏறியது என்பதற்கு வேறு காரணம் யாரும் தேடவில்லை.

நாற்பத்தெட்டு வயதில் முதல் பிள்ளைக்குத் தகப்பனாகப் போகிறவர் அவர். பேறுகாலத்தில் மனைவிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டுமென்று விடுப்பையெல்லாம் மிச்சம் பிடித்து, நான்கு மாதம் கரைக்கே போகாமல் இருந்தார். ஹெலிகாப்டரில் ஏறுமுன் ஆளையும் பையையும் எடை போடுவது விதி. ஆளுக்கு நூற்றிருபத்தைந்து கிலோவுக்கு மேல் கூடாது. எடை போடுகிறவர் தராசை இரண்டு தட்டுத் தட்டினார். தராசு பொய் சொல்லும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு பெரிய பொய்க்கு எந்தத் தராசுக்கும் துணிச்சல் போதாது.

"அண்ணே, பம்பையே கழட்டிப் பையில போட்டுக்கிட்டீங்களா?"

"ரெண்டு சட்டையும் பாப்பாவுக்கு ஒரு குல்லாவும்தாம்பா."

மேடை மருத்துவர் நாடி பார்த்துவிட்டு, கொழுப்பைக் குறைக்கச் சொன்னார். "எங்கேருந்துங்க?" என்று ஈர்க்குச்சி கேட்க, அவர் உணவுப் பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். படகில் இறக்கிவிடலாம் என்று கிரேன் கூடையில் ஏற்றினார்கள். மேடை விளிம்பைத் தாண்டியதும் இரும்புக் கயிறு முனகியது, கிரேன்காரர் முட்டையைத் திருப்பி வைப்பதுபோல அவரை இருந்த இடத்திலேயே வைத்தார். மேலாளர் நல்ல மனிதர். தேநீர் வரவழைத்து, "எண்ணெயும் ஏறுது, நீங்களும் ஏறுறீங்க. நான் எதை நிறுத்தச் சொல்லி மேல எழுதறது?" என்று உண்மையாகவே வருந்தினார். தொலைபேசியில் மனைவி, "வர மனசில்லேன்னா நேரா சொல்லுங்க. இப்படிக் கதை விடாதீங்க" என்றாள்.

பேறுகாலத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நீர் அழுத்தும் பம்பு நின்றது. நின்ற அன்றே அவர் எடை முப்பது கிலோ இறங்கியது, மறுநாளும் அப்படியே. ஐந்தாம் நாள் நூற்றறுபத்திரண்டு. இன்னும் இரண்டு நாள் பம்பு ஓடாதிருந்தால் போதும். ஈர்க்குச்சி பையைக் கட்டி வைத்தார். மனைவிக்குச் சொன்னார், அவள் முதல் தடவையாக அழுதாள்.

அன்று மாலை கரையிலிருந்து வந்த புது மெக்கானிக் பம்பைப் பூட்டிக்கொண்டிருந்தார். மோட்டாரும் பம்பும் சேருமிடத்தில் அச்சு ஒரு நூல் விலகியிருந்ததை ஈர்க்குச்சி பத்தடி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். அப்படியே ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் கருகிவிடும். மாற்றுப் பாகம் கப்பலில் வர மூன்று வாரம். வாயை மூடிக்கொண்டிருந்தால் பிள்ளை முகம் பார்க்கலாம். அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார், கடலைப் பார்த்தார், உதட்டைக் கடித்தார். இருபத்தாறு வருடப் பழக்கம் உதட்டுக்குக் கட்டுப்படுமா?

"தம்பி, அச்சு விலகியிருக்கு. தகடு ஒண்ணு வெச்சு ஏத்துங்க."

"அட, ஆமாண்ணே! நல்லவேளை சொன்னீங்க. மானம் போயிருக்கும்."

பம்பு அன்றிலிருந்து இன்றுவரை நிற்கவில்லை. அப்படி ஓர் அருமையான பொருத்தம். பெண் குழந்தை பிறந்தது. அவர் படத்தில் பார்த்தார். அவர் கட்டிலுக்கடியில் இரண்டு இரும்பு உத்திரம் கொடுத்தார்கள். மேடையின் பாரத்தை ஆண்டுதோறும் சரிபார்க்கும் பொறியாளர், கிரேனுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் அவரையும் ஒரு வரியாகச் சேர்த்தார். வயலின் ஆயுளை இன்னும் இருபது வருடம் நீட்டித்திருப்பதாகச் செய்தி வந்த அன்று எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார்கள், அவருக்கு இரண்டு. சம்பளம் ஒழுங்காக வீட்டுக்குப் போயிற்று. மனைவி சண்டையை நிறுத்திவிட்டு, "இன்னைக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்கப் பழகிக்கொண்டாள்.

மகளைப் பள்ளியில் சேர்த்த அன்று, வரிசையாக நின்ற பிள்ளைகளிடம் ஆசிரியை அப்பாவைப் பற்றி விசாரித்தார்.

"எங்கப்பா வரமாட்டாரு மிஸ். ரொம்ப வெயிட்டு."

"எவ்வளவு கண்ணு?"

"போன வாரம் மூவாயிரத்து நானூத்திப் பன்னெண்டு."

ஆசிரியை தலை நிமிராமல் எழுதிக்கொண்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.