தினம் பத்து வார்த்தை

கொஞ்சம் கிட்ட வாங்க, கண்ணுகளா. காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். தப்புத் தப்பாகப் பேசிய ஒரு கெட்டிக்காரியின் கதை சொல்கிறேன்.

அவளுக்கு ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. கணவன் கடல் தாண்டி, கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். கல்யாணமாகி ஆறு வருடம்; அதில் ஒரே வீட்டில் இருந்தது பதினோரு மாதம். அவள் அங்கே போய்ச் சேர வேண்டுமானால் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். தேறினால்தான் விசா.

அதனால் மதிய இடைவேளையில் அவன் போனில் கூப்பிடுவான். கிடைப்பது பதினைந்து நிமிடம். எடுத்ததும் "நோட்டை எடு" என்பான். தினம் பத்து வார்த்தை. அதுவும் யாரும் அதிகம் புழங்காத, எழுதுவது ஒன்றும் சொல்வது ஒன்றுமான வார்த்தைகள். அதெல்லாம் நாக்கில் ஏறிவிட்டால் மற்றது தண்ணீர் பட்ட பாடு என்பது அவன் எண்ணம். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்க நேரமேது?

"ரான்டேவூ. ரெண்டு பேரு இன்ன நேரம், இன்ன இடம்னு பேசி வச்சு சந்திக்கிறது. எங்க, சொல்லு."

"ரெண்டெஸ்வஸ்."

"ஐயோ, அந்தக் கடைசி எழுத்தெல்லாம் வாயே திறக்காதும்மா. ரான்... டே... வூ."

இழுத்துச் சொல்லும்போது அவன் குரல் தணியும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்பாள்.

அவன் தங்கைக்கும் அதே கூடத்தில்தான் வேலை. ஒருநாள் இருவரும் பெரிய விரிப்பு ஒன்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடிக்கும்போது, அவள் முணுமுணுத்தது நாத்தனார் காதில் விழுந்தது.

"அண்ணி! ரான்டேவூன்னு சுத்தமா வருதே. போன்ல மட்டும் ஏன் நாக்கு சுளுக்கிக்குது?"

"மெதுவா பேசேன்டி."

"ஓஹோ! எங்கண்ணன் தொண்டை வத்தக் கத்துறாரு, நீங்க கச்சேரி கேக்குறீங்களா?"

அவள் விரிப்பில் முகத்தை மறைத்துக்கொண்டாள். "சரியா சொன்னா அடுத்த வார்த்தைக்குப் போயிடுவாருடி. தப்பா சொன்னா நாலு தடவை சொல்வாரு. நாலாவது தடவை 'கழுதை'ம்பாரு. அது ஒண்ணுதான் எனக்குன்னு அவர் சொல்றது."

எப்போதும் வாயடிக்கும் நாத்தனார், விரிப்பின் தன் முனையைக் கொண்டுவந்து அண்ணி கையில் சேர்த்தாள்.

தேர்வுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் வந்தது. அன்று அவன் குரலில் சுரத்தே இல்லை.

"எட்டு மாசமாச்சு, இன்னும் ஏறல. உன்மேல தப்பில்லம்மா. இந்தத் தடவை வேண்டாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

குரலுக்கு ஆசைப்பட்டு ஆளையே ஒரு வருடம் தள்ளி வைத்துவிட்டாளே!

நோட்டைத் திறக்காமலே ஆரம்பித்தாள். "கர்னல், பட்டாளத்து அதிகாரி. யாட், உல்லாசப் படகு. ஹையேடஸ், நடுவுல விட்டுப்போன காலம்..." மூச்சு வாங்கும்வரை நிறுத்தவில்லை. ஒன்றுகூடப் பிசகவில்லை.

"எல்லாம் தெரியுமா உனக்கு?"

"முதல் தடவையே வந்துடும்."

"பின்ன ஏன்டி?"

"நீங்க சொல்லிக்கிட்டே இருக்கணும்னுதான்."

மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. "இன்னிக்கே போய்ப் பேர் குடு" என்றான். பிறகு, "வார்த்தை போதும். இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. சும்மா ஏதாவது பேசு."

சும்மா பேச அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அவனுக்கும்தான். எத்தனை நாள் ஏங்கிய நிமிடங்கள்! கையில் கிடைத்ததும் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும்போல ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிட்டியா?" என்றான் கடைசியில்.

"இன்னும் இல்லீங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் வேலைக்கு மணி அடித்துவிட்டது. சாயங்காலம் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பெயர் கொடுத்தாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது தூரத்தில் இருந்தால், குரல் வந்த வழியே ஆளும் வந்து சேரட்டும். உங்கள் வாசலில் செருப்புகள் சோடி சோடியாகக் கிடக்கட்டும், கண்ணுகளா.