கயிற்றில் இறங்கிய விசாரணை

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று என் கண் இரண்டின் மேலும், என் மூக்குக்கண்ணாடியின் மேலும் சத்தியம் செய்கிறேன். கண்ணாடியைச் சேர்க்காமல் கண்ணை மட்டும் சாட்சிக்குக் கூப்பிட்டால் என் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு பத்திரிகை நடத்துகிறது. பொதுக்காரியத்தில் இறங்கியவர்களைப் பார்த்து, பேசி, எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

"நீங்கதான் சும்மா இருக்கீங்க" என்றார் சங்கச் செயலாளர்.

"இவரா? இவர் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லையே" என்றாள் மனைவி. இரண்டு பேரும் சேர்ந்துதான் என்னை அனுப்பிவைத்தார்கள்.

பேட்டரிக் கடைக்குப் பின்னால் ஒரே ஓர் அறை. சக்கர நாற்காலியில் இருப்பவர்களின் உரிமைக்காகப் போராடும் சின்ன அமைப்பு அது. வாசலில் படி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, கூரை ஒழுகினாலும் பரவாயில்லை என்று அந்த அறையைப் பிடித்தார்களாம். தலைவி ஓய்வுபெற்ற நர்ஸ், எல்லாருக்கும் நர்ஸக்கா. ஊசி போடப்போகிற முகத்தோடுதான் சிரிப்பார். கூட இருந்த பெண்ணை அலாரம் என்று கூப்பிட்டார்கள். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே நடக்க வராது.

"காலுக்கு வர வேண்டியது வழி தவறித் தொண்டைக்கு வந்துடுச்சு தாத்தா" என்று அவளே விளக்கினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

விஷயம் இதுதான். அலாரம் நூலக வேலைக்குப் பரீட்சை எழுதி முதலாவதாக வந்திருந்தாள். மாமா வீட்டில் மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டுப் படித்தவள். அந்த வீட்டார் சாப்பிடுவது, பேசுவது, தூங்குவது எல்லாம் மாடியில். வேலை கிடைத்தால் தரைத்தளத்தில் தனக்கென்று ஒரு வீடு பிடித்துவிடலாம் என்று இருந்தாள். "நூலகத்தில் படிகள் உள்ளன, உங்களால் முடியாது" என்று வேலையை நிறுத்திவிட்டார்கள். அவள் புகார் கொடுத்தாள். நான் போன அன்று பிற்பகல்தான் விசாரணை. அலுவலகம் மூடுவதற்குள் அவள் அதிகாரி முன்னால் ஆஜராகவில்லை என்றால் புகார் தள்ளுபடி, வேலை அடுத்த ஆளுக்கு.

விசாரணை அறை இருப்பது இரண்டாம் மாடியில். மின்தூக்கி கிடையாது.

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன்.

"பேசப் போறோம்" என்றார் நர்ஸக்கா.

"பேசி?"

"சின்னச் சின்னதா கேக்கப் போறோம். பெரிசா கேட்டா முடியாதுன்னு சொல்லி அவங்களுக்குப் பழக்கம் இருக்கு. சின்னதா கேட்டா பழக்கம் இல்ல, தடுமாறுவாங்க. எங்க வேலையே அதுதான்."

நானும் கூடப் போனேன்.

அலுவலக முற்றத்தில், சரியாக விசாரணை அறை ஜன்னலுக்குக் கீழே நாற்காலியை நிறுத்தி, "சார்!" என்றாள் அலாரம். புறாக்கள் கிளம்பி ஊரை விட்டே போயின. அடுத்த தெரு வங்கியின் காவலாளி பல வருஷத்தில் முதல் தடவையாக விழித்துக்கொண்டார். அதிகாரி தலையை நீட்டினார்.

"மேல வாங்கம்மா."

"படி இருக்கே சார். நீங்க கொஞ்சம் கீழ வாங்களேன்."

"விசாரணைய என் இருக்கையில உக்காந்துதான் நடத்தணும். விதி அப்படி. ரெண்டு பேரை அனுப்பறேன், உங்களத் தூக்கிட்டு வந்துடுவாங்க."

"நான் என்ன பீரோவா சார்? போன தடவ தூக்கினவங்க பாதிப் படியில நின்னுக்கிட்டு, எந்தப் பக்கம் சாய்க்கலாம்னு என் தலைக்கு மேல பேசிக்கிட்டாங்க. நடுவுல நான் ஒருத்தி இருக்கறதே ஞாபகம் இல்ல. இனிமே சாமானா எந்த ரூமுக்குள்ளயும் வர மாட்டேன்."

"அப்ப வராதீங்க. அஞ்சு மணிக்குக் கோப்ப மூடிடுவேன்." தலை உள்ளே போய்விட்டது.

நானாக இருந்தால் வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன். அலாரத்தின் விரல்கள் சக்கரத்தை இறுக்கிக்கொண்டன.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் நர்ஸக்கா.

"ஆரம்பிங்கக்கா."

முதலில் அலாரம் நர்ஸக்காவின் முழங்கால் வலிக்கு ஒரு நாற்காலி கேட்டாள். அதிகாரி மறுப்பதற்கு விதி தேடினார், கிடைக்கவில்லை. பியூன் கயிறு கட்டி நாற்காலியை இறக்கினார். தாத்தாவும் நிற்கிறாரே என்றாள், இன்னொன்று வந்தது. பிறகு தன் கோப்பை ஒரு தடவை பார்க்கலாமா என்றாள்.

"கோப்ப அலமாரிய விட்டு வெளிய எடுக்கணும்னா மேலிடத்து உத்தரவு வேணும்."

"எடுக்கவே வேணாம் சார். அலமாரியோட அனுப்புங்க. கோப்பு உள்ளயேதானே இருக்கப் போகுது?"

அதிகாரி யோசித்தார். விதிப்படி சரியாகத்தான் இருந்தது. இரும்பு அலமாரிக்கு ஜன்னல் கொஞ்சம் சிறிசு; அது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்ததை நான் பார்த்தேன். அடுத்து முத்திரையைக் கேட்டாள், அது மேசையோடு சங்கிலியால் கட்டப்பட்டிருந்தது. ஆகவே மேசையும் வந்தது. வியர்க்கிறது என்றாள், மின்விசிறி வந்தது. சுற்றிக்கொண்டே இறங்கியதால் முதல் மாடிக்காரர்களுக்கும் கொஞ்சம் காற்று கிடைத்தது.

மேலே இருக்கையும் அதில் அதிகாரியும் மட்டும் மிச்சம். "இனிமே எதுவும் முடியாது!" என்றார். காலி அறை "முடியாது!" என்று திருப்பிச் சொன்னது. தன்னை எதிர்த்துப் பேசுவது யார் என்று அவருக்குக் கோபம். அதனோடு வெகுநேரம் வாதாடி, கடைசியில் தோற்றுப்போனார்.

அதற்குள் வேறு வேலையாக வந்தவர்கள் மேசையையும் அலமாரியையும் முற்றத்தில் பார்த்துவிட்டு, அலுவலகம் இதுதான் என்று வரிசையில் நின்றுவிட்டார்கள். ஊன்றுகோல்காரர் ஒருவர், மூச்சிரைப்புக்காரர் ஒருவர், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி. "ஏம்ப்பா, இவ்வளவு சுலபமா இருந்தா நான் எப்பவோ வந்திருப்பேனே" என்றார் மூச்சிரைப்புக்காரர்.

ஐந்து மணி நெருங்கிவிட்டது.

"சார், நீங்க இருக்கைய விட்டு எந்திரிக்கவே வேணாம்" என்று அலாரம் குரல் கொடுத்தாள். "அப்படியே உக்காந்திருங்க. இருக்கை மட்டும் கீழ வரட்டும்."

விதியில் இதற்கும் தடை இல்லை. பியூன் கயிறு கட்டினார், வரிசையில் நின்றவர்கள் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். இருக்கை முதல் மாடி வரை ஒழுங்காக வந்தது. அங்கே கயிறு சிக்கிக்கொண்டது. அதிகாரி வானத்துக்கும் பூமிக்கும் நடுவே தொங்கினார்.

"இடது பக்கம் சாய்ப்பா!"

"இடதுல குழாய் இருக்கு, வலதுல சாய்!"

"தலைகீழா விட்டா சீக்கிரம் வந்துடும்!"

"ஐயா, நான் இங்கதான் இருக்கேன்" என்றார் அதிகாரி. ஒருவர் காதிலும் விழவில்லை. மறுபடி சொன்னார். அப்போதும் விழவில்லை.

அலாரம் தொண்டையைத் திறந்தாள். "எந்தப் பக்கம் சாய்க்கணும்னு அவரக் கேளுங்க!"

முற்றம் அடங்கியது. "வலது" என்றார் அதிகாரி, அவருக்கே கேட்காத குரலில். வலதுபக்கம் சாய்த்தார்கள். இறங்கினார். மேசைக்குப் பின்னால் இருக்கை நேராக அமர்ந்தது. அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அலாரத்தைப் பார்த்தார். அவர்கள் இருவரும் ஒரே உயரத்தில் இருந்தார்கள்.

"அக்கா, இப்ப பெரிசா ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"என் வேலை எனக்கு வேணும் சார். நூலகத்துல இருக்கற படிய என்ன பண்றதுன்னு நான் பேசிக்கறேன்."

'முடியாது' அவர் உதடு வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. முத்திரை விழுந்த சத்தத்தில் போன புறாக்கள் திரும்பி வந்தன.

மறுநாள் எல்லாவற்றையும் மேலே ஏற்ற ஆட்கள் வந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் கயிற்றைத் தர மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அலுவலகம் முற்றத்தில்தான் நடக்கிறது, மழைக்கு மட்டும் அதிகாரி குடை பிடித்துக்கொள்கிறார்.

கயிறு கட்டி எல்லாவற்றையும் இறக்கியது என் பேனாதான். நான் இதை எழுதும்போது விசாரணை அறை இரண்டாம் மாடியில்தான் இருக்கிறது, அலாரம் ஜன்னலுக்குக் கீழே வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள், மணி இன்னும் ஐந்தாகவில்லை.