கிணற்றுப் பாத்தி

விடிந்தும் விடியாத நேரம். கீரைக்காரர் கட்டுகளை வாய்க்கால் தண்ணீரில் முக்கி அலசிக்கொண்டிருந்தார். பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் கொட்டகையின் கழிவு அந்த வாய்க்காலில்தான் கலந்தது. விற்கும் கீரைக்கு அந்தத் தண்ணீரைத்தான் பாய்ச்சினார். கழிவு கலப்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கொட்டகைச் சுவரை ஒட்டி, கிணற்றுத் தண்ணீர் பாயும் சின்னப் பாத்தி ஒன்றைத் தனியாக வைத்திருந்தார். வீட்டுச் சமையலுக்கு அதில் மட்டும்தான் பறிக்க வேண்டும். ஏன் என்று மனைவி கேட்டால், "கிணத்துத் தண்ணிக்கு ருசி ஜாஸ்தி" என்பார். அவளும் நம்பியிருந்தாள்.

கடைசிக் கட்டை எடுப்பதற்குள் மனைவி ஓடிவந்தாள். "என்னங்க, பாப்பா மறுபடியும் வயித்தப் புடிச்சிக்கிட்டு சுருண்டு கிடக்கா. எனக்குப் பயமா இருக்குங்க."

மகளுக்கு நான்கு வயது. ஒரு மாதமாக வயிற்றுவலி. சோறு இறங்கவில்லை, முகம் வெளிறிப்போயிற்று. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய பயம் வேறு. இருபது வரை கடகடவென்று எண்ணுகிற பிள்ளை, இப்போது ஐந்துக்கு மேல் வராமல் திணறியது.

டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினார். மூன்றாம் நாள் கூப்பிட்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "குழந்தை ரத்தத்துல ஈயம் இருக்கு. நிறையவே இருக்கு. காய்கறியெல்லாம் எங்க வாங்குறீங்க?"

"வாங்குறதா? எங்க தோட்டத்துக் கீரைதாங்க டாக்டர். தினமும் ஊட்டாம விடமாட்டேன்" என்றாள் மனைவி, பெருமையாக.

கீரைக்காரர் இடைமறித்தார். "சரியாயிடுமா டாக்டர்?"

"மருந்து குடுக்கறேன். எதுலேருந்து உள்ள போகுதோ அத நிறுத்தணும். மறந்ததெல்லாம் திரும்ப வருமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் அவர் மனைவியின் கையைப் பிடித்தார். "உண்மையச் சொல்லு. வாய்க்கால் பாத்தியில பறிச்சியா?"

"நீங்க சொன்ன பாத்தியத் தவிர வேற எதையும் நான் தொடலையே. ஏன், அதுல என்ன?"

அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பினார். அவளுக்கு மெல்லப் புரிந்தது. கையை விடுவித்துக்கொண்டாள். "அப்போ தெரிஞ்சேதான் ஊருக்குக் குடுத்தீங்களா?"

டாக்டர் சொல்லி அனுப்பிய சுகாதாரத் துறைப் பெண் அதிகாரி இரண்டு பாத்தியிலும் மண் அள்ளிப் போனாள். முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் கீரைக்காரர் மகளை மடியில் வைத்துக்கொண்டு, "அஞ்சுக்கு அப்புறம் என்னடா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். பிள்ளை பதில் தெரியாமல் விழித்தது.

அதிகாரி வந்து சொன்னாள். "ரெண்டுலயும் ஈயம் இருக்குங்க. கிணத்துப் பாத்தியிலதான் அதிகம்."

"நல்ல தண்ணிதானேம்மா பாய்ச்சினேன்?"

"தண்ணிய மாத்துனீங்க, காத்த என்ன பண்ணுவீங்க? உருக்குற புகை சுவரத் தாண்டி முதல்ல படியுற இடம் அதுதான். இலைக்குள்ள ஏறினது கழுவினாலும் போகாது, வேகவச்சாலும் போகாது."

மறுநாள் காலை, கீரை வாங்கி விற்கும் கூடைக்கார அம்மாள் வந்தபோது, அவர் எல்லாப் பாத்தியையும் வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"பச்சைப்பசேல்னு இருக்கு, உனக்கென்ன கிறுக்கா தம்பி?"

அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த அம்மாள் கூடையை நழுவவிட்டு வரப்பில் அப்படியே உட்கார்ந்தாள்.

"என் மருமக மாசமா இருக்கா தம்பி. புள்ளைக்கு நல்லதுன்னு இளசாப் பாத்துப் பாத்துக் குடுத்தேனே..."

கீரைக்காரர் மண்கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டார். "என் புள்ளைக்கு வேண்டாம்னு ஒதுக்கினத ஊர்ப் புள்ளைக்குக் குடுத்தேன் அக்கா. விஷம்னு தெரிஞ்ச அன்னைக்கே வாயத் திறந்து அந்தக் கொட்டகைய எதிர்த்துக் கேட்டிருந்தா, உங்க வீடும் தப்பிச்சிருக்கும், என் வீடும் தப்பிச்சிருக்கும். மண்ணக் கெடுக்கறத வேடிக்கை பாத்தவனும் கெடுத்தவன்தான். இனிமே வீடு வீடாப் போய் நானே சொல்றேன், கொட்டகை மேல புகாரும் குடுக்கறேன்."

அந்த அம்மாள் தட்டுத்தடுமாறி எழுந்தாள்.

"பேசினது போதும். மொதல்ல என் வீட்டுக்கு வா. அவ இப்ப சாப்பிட உக்காந்திருப்பா."